வளைஞ்ச சின்னவிரல்

உங்கட பொலிஸ் ஸ்ரேசன் தேத்தண்ணிக்குச் சீனி கொஞ்சம் கூடிப்போச்சு சேர். பரவாயில்லை, குடிக்கிறன். நீங்கள் கேக்கிறதுக்கு ஒழுங்காச் சொல்லவேணுமெண்டால் முதல்ல என்ர லென்ஸைப் பற்றிச் சொல்லவேணும். அவசரப்படாதேங்கோ.

என்ர கமரா புதுசு, லென்ஸ் பழசு. கொழும்பில ஒரு பழைய சாமான் கடையில எடுத்தது. அது தானா ஒண்டும் செய்யாது. வெளிச்சத்தை நான்தான் பாத்துக் கூட்டிக் குறைக்கவேணும், போக்கஸை நான்தான் கையால திருகவேணும். எது தெளிவா விழுகுதோ அதின்ர ஓரத்தில கமராத் திரையில சிவப்புக் கோடு மின்னும். சிவப்பு வந்தால்தான் பட்டனை அமத்துவன். ரவுணில இருக்கிற மற்றப் படக்காரர் சும்மா அமத்திப்போட்டுப் போயிடுவினம். அதெல்லாம் ஒரு படமோ, சொல்லுங்கோ.

றெனால்ட் என்னோட மன்னார் கீரிக் கரையில ஒண்டா வளந்தவன். கரைவலைக்குப் போறவன். நறுவிலிக்குளத்தில வயல் செய்யிற சனத்தில கீர்த்திகா எண்ட பிள்ளையைக் கட்டினவன். "மச்சான், நான் கடலுக்கை நிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துத் தாவன், அவளின்ர ஆக்கள் பாக்கட்டும்" எண்டு கனநாளாக் கேட்டுக்கொண்டிருந்தவன். "ஆனா நீ அந்தக் குழாயைத் திருகி முடிக்கிறதுக்குள்ள நான் கிழவனாயிடுவன்" எண்டு பகிடியும் விடுவான். எனக்கு அவனில ஒரு கோபமும் இல்லை சேர். அதையும் எழுதிக்கொள்ளுங்கோ.

அண்டைக்குப் பின்னேரம் வலை வளைச்சிட்டினம், கரையில நிண்டு கயிறு இழுக்கினம். வலை அடியில எங்கயோ கொழுவிட்டுது. எடுத்துவிட றெனால்ட் நீந்திப் போனான். கீரியில சூரியன் கடலுக்கைதான் விழும். இழுக்கிற ஆக்களுக்குக் கண் கூசி ஒண்டும் தெரியாது, அலைச் சத்தத்தில கூப்பிட்டாலும் கேளாது. அதால ஒரு வழக்கம் இருக்கு. தண்ணிக்குள்ள நிக்கிறவன் ஒரு கையை உயத்திப் பிடிச்சால், இழுக்காதேங்கோ எண்டு அர்த்தம். காலில கயிறு சுத்தினாலும் அதைத்தான் செய்வான். அதுக்கு மேலயும் இழுத்தால் ஆள் தண்ணிக்கு அடியில போயிடும்.

நான் வெளிச்சத்தை நல்லாக் குறைச்சு வைச்சிருந்தன். கடல் பொன் நிறம், ஆள் கறுப்பு. அந்தக் கரையில அவனைப் பாக்கக்கூடிய ஒரே கண் என்ர கமராதான். வலைக்குச் சொந்தக்காரர், சம்மாட்டி அன்ரனி அண்ணை, அது தெரிஞ்ச மனுசன். "தம்பி கொன்ஸ்ரன்ரைன், உன்ர பெட்டியில பாத்துச் சொல்லு, கை தூக்கிறானோ?" எண்டு கேட்டார்.

"இல்லையண்ணை" எண்டன். அது பொய்யில்லை. அப்ப போக்கஸ் வரேல்லை. திரையில ஏதோ கறுப்பா ஆடிச்சுது. கையோ தலையோ அலையோ எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? தெரியாததைத் தெரியும் எண்டு சொல்லுற பழக்கம் எனக்கு இல்லை.

பிறகு திரையைப் பெருப்பிச்சு, மெல்ல மெல்லத் திருகினன். அலை மினுங்கிற இடமெல்லாம் சிவப்பு ஓடித் திரிஞ்சுது, சரியான ஆக்கினை. கடைசியா அவன்ர சின்னவிரலில வந்து நிண்டுது. சின்ன வயசில திருக்கை குத்தி வளைஞ்ச விரல் அது. அந்த வளைவு முழுக்கச் சிவப்பு. எனக்குச் சந்தோசமா இருந்துது சேர், மறைக்க என்ன இருக்கு.

செத்தவீட்டில வைக்கக்கூட அவன்ர படம் ஒண்டும் ஒழுங்கா இருக்கேல்லை. முப்பத்தோராம் நாளுக்கு நான்தான் கடலில எடுத்த இந்தப் படத்தைப் பெரிசாக்கிச் சட்டம் போட்டுக் குடுத்தனான். அப்பிடி ஒரு படத்தை அலுமாரிக்குள்ள பூட்டி வைக்க மனம் வருமோ? கீர்த்திகா அந்த விரலைத் தடவித் தடவி அழுதாள். "அண்ணை, போகேக்க எங்களுக்குக் கை காட்டிப்போட்டுத்தான் போயிருக்கிறார்" எண்டாள். வயல்கார வீட்டுப் பிள்ளை, வலைக்காரரின்ர வழக்கம் அவளுக்கு எப்பிடித் தெரியும்? நானும் "ஓம் தங்கச்சி" எண்டன். பாவம், ஆறுதலா இருக்கட்டும்.

அண்டைக்குப் பூசை முடிஞ்சு அந்த வீட்டுக்கு வந்த அன்ரனி அண்ணைதான் படத்துக்கு முன்னால அப்பிடியே நிண்டிட்டார். "ஐயோ ஆண்டவரே, கையைத் தூக்கியெல்லோ நிக்கிறான்" எண்டார். பிறகு என்னைப் பாத்தார். "நான் உன்னட்டை ரெண்டாந்தரமும் கேட்டனானேடா."

ஓம், கேட்டவர். அப்ப சிவப்பு வந்திட்டுது. கை வடிவாத் தெரிஞ்சுது. அவன் அதை ஆட்டக்கூட இல்லை, நம்பிக்கையோட நேராப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன். "இல்லையண்ணை, இழுங்கோ" எண்டு சொன்னது நான்தான். அவை இழுத்தினம், நான் அமத்தினன்.

நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை சேர். நான் ஓம் எண்டு சொல்லியிருந்தால் கயிறு நிண்டிருக்கும். கயிறு நிண்டால் அவன் கையை இறக்கிப்போடுவான்.