உள்ளறை வரை வந்தவர்

இருபத்து நான்கு ஆண்டுகள் சுகாதாரப் பணியாற்றி, அவற்றுள் பதினேழு ஆண்டுகளைக் கெதாப்பாங் வட்டத்துக்கே தந்து, இன்று பணி நிறைவு பெறும் மேற்பார்வையாளர் மாஸ் விர்யோதிமெஜோ அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமார அளிக்கும் மடல்.

கூரைகள் அறிந்த குணாளரே! கிணறுகள் அறிந்த கேண்மையரே! எலிகள் அஞ்சிய, ஏழையர் அஞ்சாத எங்கள் தலைவரே!

வணக்கம். இத்தகைய மடல்களில் விடைபெறுவோரை ஞாயிறு என்றும் கடல் என்றும் புகழ்வது வழக்கம். எந்தக் கடிதத்திலும் முதல் நான்கு வரிகளை விட்டுவிட்டுத்தான் தாங்கள் படிக்கத் தொடங்குவீர்கள் என்பதை அலுவலகம் அறியும். ஆகவே ஐந்தாவது வரியிலிருந்து எழுதுகிறோம்.

மாலாங் மலைப்பக்கம் பிளேக் புகுந்த மறு ஆண்டு, 1912இல், தாங்கள் இப்பணியில் சேர்ந்தீர்கள். 1919இல் செமாராங் நகரின் இந்த வட்டத்துக்கு வந்தீர்கள். ரயில் பாதைக்கும் கால்வாய்க்கும் நடுவே ஆயிரத்து நூற்று நாற்பது வீடுகள். மூங்கில் தூண், மூங்கில் சுவர், ஓலைக் கூரை. மூங்கிலின் வெட்டுவாய் திறந்திருந்தால் எலி குடிபுகும். எலி செத்தால் அதன் தெள்ளுப்பூச்சி மனிதனைத் தேடி வரும். மழைக்காலம்தோறும் இந்த வட்டம் தன் பிள்ளைகளைப் புதைத்துக்கொண்டிருந்தது. தாங்கள் ஏணியோடு வந்தீர்கள். ஓலையைக் களைந்து ஓடு வேய்ந்தீர்கள். மூங்கில் வாய் ஒவ்வொன்றையும் சிமெண்ட் வைத்து அடைத்தீர்கள். ஆண்டுக்கு இருமுறை வீடு வீடாகப் பார்த்து, நிலைக்காலில் தொங்கும் சீட்டில் நாளும் கையெழுத்தும் இட்டீர்கள்.

எவர் வீட்டு வாசலிலும் ‘குலோ நுவுன்’ என்று அனுமதி கேட்டுக் குரல் கொடுத்து, உள்ளிருந்து மறுகுரல் வரும் வரை நிற்பீர்கள். மழையிலும் நிற்பீர்கள். தாங்கள் கூரை ஏறியதால் கோழி முட்டையிட மறுக்கிறது என்று ஒரு வீட்டம்மாள் வைதபோது, எந்தக் கோழி என்று கேட்டு, அதன் கூண்டையும் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டு வந்தவர் தாங்கள். வைதவர்கள் வைதபடியே கூரையைத் திறந்துவிட்டார்கள்.

திறக்காத கதவு ஒன்று இருந்தது. அது ஊசிக்கான கதவு.

காய்ச்சலில் ஒருவர் இறந்தால், புதைக்கும் முன் நீண்ட ஊசியால் அவரது மண்ணீரலிலிருந்து துளி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது ஆணை. பிளேக் என்று தெரிந்தால் அந்த வீட்டு வரிசை முழுவதும் காலி செய்யப்பட வேண்டும். இறந்தவரைக் குழந்தையைப் போல நீராட்டி அனுப்புகிற நம் மக்களுக்கு இது எத்தனை பெரிய காயம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். பிணத்தை மறைத்தவர்கள் உண்டு. இரவோடு இரவாகப் புதைத்தவர்கள் உண்டு. ஊசி குத்துவது நம் உதவியாளர் காஸ்மோவின் வேலை. ஆனாலும் தாங்கள் உடன் செல்லாத வீடு இல்லை. போர்வையை உள்ளங்கை அகலத்துக்கு மேல் விலக்க விடமாட்டீர்கள். முடிந்ததும் இறந்தவரின் பெயரைச் சொல்லி, வாய்விட்டுப் பொறுத்தருளக் கேட்பீர்கள்.

அப்பழுக்கற்ற அலுவலரே என்று இந்த இடத்தில் எழுத வேண்டும். தாங்கள் அந்தச் சொல்லை அடித்துவிடுவீர்கள். எங்களுக்கும் அந்தச் சொல் வேண்டாம். அதைவிடப் பெரிய ஒன்றை நாங்கள் பார்த்தோம். அதைத்தான் இங்கே பதிந்து வைக்கிறோம்.

1932 டிசம்பர். நம் அலுவலக எழுத்தர் சுதர்மாஜியின் மனைவி மூர்த்தினி மூன்று நாள் காய்ச்சலில், ஒரு முற்பகலில் இறந்தார். வயது இருபது. மணமாகி பதினொரு மாதம்.

சுதர்மாஜி பத்தாவியாவில் கல்லூரி முடித்தவர். ஊசி ஆணையை நான்கு ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து வந்தவர் அவரே. அதன் ஏழு பிரிவுகளும் அவருக்கு மனப்பாடம். அன்று அவர் சந்து முனை வரை நடந்து வந்து, எல்லோரையும் போல ‘பாக்’, ஐயா, என்று அழைத்துத் தங்களை நிறுத்தினார்.

“பாக், பிளேக் கட்டி எதுவும் இல்ல. நான் பார்த்தேன். வெறும் காய்ச்சல். காய்ச்சல்னே எழுதிடுங்க. நாலு மாசம் முழுகாம இருந்தா.”

தாங்கள் அவர் தோளைத் தொடவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை.

“எழுதிடலாம்பா. பக்கத்து வீட்டுல அஞ்சு பிள்ளைங்க இருக்கே, அதுங்களுக்கு என்னன்னு எழுதறது?”

 அவர் தங்கள் பின்னால் நடந்தார். தம் வீட்டுக்குப் போகும் வழியில் ஒவ்வொரு வீட்டையும் அன்றுதான் எண்ணியதாகப் பின்னர் சொன்னார். அந்த வரிசையில் முப்பத்தெட்டு வீடுகள் இருந்தன.

வாசலை மறித்து மூர்த்தினியின் தாய், ஊரே ‘எம்பொக்’, அக்கா, என்று அழைக்கும் தூமிரா உட்கார்ந்திருந்தார். சந்தையில் மீன் விற்பவர். பெரிய அதிகாரி என்றும் பாராமல் பேசுகிறவர். ஊசியோடு வருகிறவர்கள் தம்மைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும் என்றார். சந்தே கூடிவிட்டது. பிறகு அவர் தங்களைப் பார்த்துக் கேட்டார்:

“உன் பொண்ணா இருந்தா குத்துவியா நீ?”

தாங்கள் அவருக்கு எதிரே மண்ணில் குந்தினீர்கள்.

“என் பொண்ணா இருந்தா நானும் இதே மாதிரி வாசலை மறிச்சுட்டு உக்காந்திருப்பேன், எம்பொக். அப்ப இந்தக் காஸ்மோதான் என்னைத் தூக்கி ஓரமா வெச்சுட்டு உள்ள போகணும். போவான். போகலன்னா மறுநாள் அவனுக்கு வேலை இல்ல.”

 தூமிரா காஸ்மோவை மேலும் கீழும் பார்த்தார்.

“கையைக் கழுவிட்டு வரச் சொல்லு” என்றார்.

காஸ்மோ வாசல் தொட்டி நீரில் மூன்று முறை கையும் காலும் கழுவினார். தாங்கள் அவரோடு உள்ளறைக்குள் நுழைந்தீர்கள். போர்வை உள்ளங்கை அகலமே விலகியது. கண்ணாடித் தகட்டைச் சுதர்மாஜியே வாங்கிப் பெட்டியில் வைத்தார். சீட்டில் பெயரையும் அவரே எழுதினார். கையெழுத்து எப்போதும் போல இருந்தது. காஸ்மோவின் ஈரக் கால்தடம் தரையில் இருந்ததும், அது காயும் வரை தாம் அதையே பார்த்துக்கொண்டிருந்ததும் மட்டுமே அவருக்கு நினைவில் உள்ளன.

மறுநாள் நண்பகல் முடிவு வந்தது. பிளேக்.

பொழுது சாய்வதற்குள் முப்பத்தெட்டு வீடுகளின் இருநூற்றுப் பதினோரு பேரும் திடலோரக் கொட்டகைகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே இருவருக்குக் காய்ச்சல் கண்டது. ஒருவர் இறந்தார், ஒருவர் பிழைத்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஐவரும் ஆறு வாரம் கழித்து ஐவராகவே வீடு திரும்பினார்கள்.

ஆனால் எலி எங்கே? அந்த வீட்டு ஓடுகளை முழுவதும் இறக்கிப் பார்த்தோம். தூண்களின் அடைப்பு ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. இரண்டு நாள் தேடினோம். மூன்றாம் நாள் காஸ்மோ உள்ளறையிலிருந்த மூங்கில் கட்டிலைப் பிரித்தார். தலைமாட்டுச் சட்டத்தின் வெட்டுவாய் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. உள்ளே கூடு. கூட்டில் மூன்று எலிகள் செத்து உலர்ந்திருந்தன.

நிலைக்காலில் தொங்கிய சீட்டில், இரண்டு மாதங்களுக்கு முன்னைய தேதியில், ‘வீடு முழுதும் பார்க்கப்பட்டது’ என்று இருந்தது. கீழே தங்கள் கையெழுத்து.

நடந்தது இதுதான். புதுமணத் தம்பதியின் அறைக்குள் அயல் ஆண் கால் வைப்பது நம்மிடையே வழக்கமில்லை. சீட்டில் கையெழுத்திட்ட அன்று மூர்த்தினி திரைச்சீலையைப் பிடித்தபடி நின்றார். தாங்கள் அறை வாயிலில் நின்றே மேலே பார்த்தீர்கள். கூரை சுத்தமாக இருந்தது. கையெழுத்திட்டு, அவர் தந்த தேநீரைக் குடித்துவிட்டு வந்தீர்கள். தாங்கள் மட்டுமா? நாங்கள் எல்லோரும் பதின்மூன்று ஆண்டுகளாக அப்படித்தான் செய்து வந்தோம். கல்யாணக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கிற ஆண்மகன் எங்கள் அலுவலகத்தில் இல்லை. எலிக்கு அந்த மரியாதை தெரியவில்லை.

தங்களைக் காப்பாற்ற நினைத்தவர் காஸ்மோ.

“கட்டில் அப்புறமா வாங்கினதுன்னு எழுதிடலாமே, பாக். யாருக்குத் தெரியப் போகுது?”

“அது அவங்க கல்யாணக் கட்டில்டா. அது வீட்டுக்கு வந்தப்ப தலைமாட்டைப் பிடிச்சுத் தூக்கினவனே நான்தான். நீ பந்தியில இருந்த.”

நகர மருத்துவருக்கான அறிக்கையைத் தாங்களே சொல்லச் சொல்ல, தட்டச்சு செய்தவர் சுதர்மாஜி. அந்த வேலையை வேறொருவரிடம் கொடுக்கத் தாங்கள் முன்வந்தீர்கள், அவர் எழுந்திருக்கவில்லை. ‘உள்ளறைக்குள் நான் செல்லவில்லை. கட்டிலைப் பார்க்கவில்லை. பார்த்ததாக எழுதியது பொய். கையெழுத்து என்னுடையது.’ நான்கு வாக்கியங்கள். தட்டச்சில் ஒரு பிழையும் இல்லை. அந்த அறிக்கையால் தங்கள் பதவி உயர்வு நின்றது; இன்று வரை வரவில்லை. அதைப் பற்றி அலுவலகத்தில் யாரும் பேசத் தாங்கள் விட்டதில்லை.

இரண்டு வாரம் கழித்துச் சுதர்மாஜி தங்கள் மேசை அருகே வந்து நின்றார். நாளையிலிருந்து தாமும் வீடு பார்க்க வருவதாகச் சொன்னார். மேசை வேலை என்ன ஆகும் என்று கேட்டீர்கள். அது சாயங்காலம் என்றார். தங்கள் இருவருக்கும் இடையே அவ்விஷயத்தில் நடந்த பேச்சு அவ்வளவுதான். மனத்தில் என்ன இருந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்பதற்கு நேரமும் இருக்கவில்லை.

ஏனெனில் அந்த மாதமே தாங்கள் கெதாப்பாங் முழுவதையும் புரட்டிப் போட்டீர்கள். வட்டத்தின் எல்லாக் கட்டில்களும் சந்துக்கு வந்தன. ஊரே வெட்கப்பட்டது. கிழவர்கள் தம் கட்டிலைப் பாயால் மூடித் தூக்கி வந்தார்கள். உள்ளறைக்குள் யார் போவது என்ற கேள்விக்குத் தாங்கள் கண்ட விடை இன்று மற்ற வட்டங்களுக்கும் போயிருக்கிறது: பெண்கள் போக வேண்டும். அதற்கு முதலில் யாரைக் கேட்பது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, தாங்கள் நேரே மீன் சந்தைக்குப் போய் எம்பொக் தூமிராவைக் கேட்டீர்கள். அவர் ஒரு மீனை முழுதாகச் செதில் நீக்கி முடித்தாராம். முடித்துவிட்டு, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டாராம்.

அன்று முதல் நமக்கு முன்னால் அவர் போகிறார். ‘குலோ நுவுன்’ என்கிறார். மறுகுரலுக்குத் தங்களைப் போல அதிக நேரம் காத்திருப்பதில்லை. “ஏண்டி, கட்டிலுக்கு அடியில அரிசியைக் கொட்டி வெச்சிருக்க? எலிக்குச் சீமந்தமா?” என்று உள்ளறையிலிருந்து அவர் குரல் கேட்டால், வெளியே சுதர்மாஜி சிமெண்ட்டைக் குழைக்கத் தொடங்குவார். அறுபத்து மூன்று கட்டில்களில் கூடுகள் இருந்தன. இன்று ஒரு கட்டிலிலும் திறந்த மூங்கில் வாய் இல்லை. 1933இல் ஒன்பது சாவு. மறு ஆண்டு மூன்று. சென்ற ஆண்டு இல்லை. இவ்வாண்டு இதுவரை இல்லை. ‘இதுவரை’ என்ற சொல்லைத் தாங்கள் கேட்டு வாங்குவீர்கள் என்பதால் நாங்களே எழுதிவிட்டோம்.

ஏணியை இறக்கி வைத்த ஏந்தலே!

தாங்கள் எங்களுக்குச் சட்டம் கற்பிக்கவில்லை; அது தாளில் இருக்கிறது. தவறு நம்முடையது என்றால் அதை நான்கு வாக்கியங்களில் சொல்லிவிட்டு ஐந்தாவதாக வேலையைத் தொடங்க வேண்டும் என்பதைத் தங்களிடம் கண்டோம். தெரிந்தவர் வீடு என்று எவர் வீட்டையும் இனி வாசலில் நின்று பார்க்க மாட்டோம். எங்கள் வீடுகளையும் அப்படிப் பார்க்க மாட்டோம். இது வாழ்த்து மடலில் எழுதும் வார்த்தை அன்று. கையெழுத்திட்டுத் தரும் உறுதி.

தாங்களும் தங்கள் துணைவியாரும் நோயின்றி, நொடியின்றி, பேரக்குழந்தைகள் சூழ, நூறு மழைக்காலம் காண வேண்டும். கால்வாய்க் காற்று தங்களுக்கு இதமாக இருக்கட்டும். மதியத் தூக்கம் கைகூடட்டும்.

ஆனால் தாங்கள் இன்று முதல் கெதாப்பாங் மூன்றாம் சந்தின் குடியிருப்பாளர். அச்சந்து வீடுகளைப் பார்வையிடும் முறை வருவது நாளை. காலை ஏழு மணிக்கு வாசலில் குரல் கொடுப்போம். எம்பொக் தூமிரா முதலில் உள்ளே வருவார். சுதர்மாஜி கட்டிலின் ஒரு தலையைப் பிடிப்பார். மறுதலையைத் தாங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
கெதாப்பாங் வட்ட சுகாதார அலுவலக ஊழியர்கள்

சுதர்மாஜி, காஸ்மோ, தூமிரா (கைநாட்டு) மற்றும் பதினால்வர்

செமாராங், 30 செப்டம்பர் 1936