ஐஸ் பெட்டியில் ஒரு மொட்டு

சின்னச் செடி வளர்க்கிறவனால் யாருக்கும் தொந்தரவு கிடையாது. நாய் வளர்த்தால் குரைக்கும், கோழி வளர்த்தால் அடுத்த வீட்டுக் கீரையைக் கிளறும். என் ஓர்கிட் செடிகளோ தீப்பெட்டிக்குள்ளேயே குடித்தனம் நடத்தக்கூடியவை.

மருந்து வைக்கும் ஐஸ் பெட்டியில் பூச்செடிக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். பதுளையிலிருந்து இவ்வளவு தூரம் விசாரிக்க வந்தவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். உட்காருங்கள்.

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் டிஸ்பென்சராக இருப்பது என்ன பிழைப்பு என்று உங்களுக்குத் தெரியாது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு முடிந்ததும் இருமலும் சொறியும் வயிற்றுப்போக்கும் வாசலில் வரிசை கட்டும். துரை தன் பங்களாவில் என்னை உட்காரச் சொல்லமாட்டார். லயத்து வீடுகளில் இருக்கும் கூலிச் சனம் என் முன்னால் உட்காராது. நடுவில் நான் ஒருவன், பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல். பெரிய பூவை எவனும் பார்ப்பான். கடுகளவு பூவைப் பார்க்கப் பூதக்கண்ணாடியோடு குனிய வேண்டும். குனிந்தால் இதழ், உதடு, உதட்டில் செம்புள்ளி எல்லாம் இருக்கும். எனக்கு மட்டும் காட்டுவதற்காகப் பூத்தது போல இருக்கும். எனக்கு வேறு யாரும் எதையும் அப்படிக் காட்டியதில்லை.

இந்தச் செடி பூனாகலைக்கு மேலே காட்டில் கிடைத்தது. பாசி பிடித்த கிளையில், நெல்மணி அளவு இலைகளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. குளிரில் பிறந்தது. எங்கள் தோட்டமோ பள்ளத்தில் கிடக்கிறது. போன வருஷம் வெக்கையான கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் அதன் இலை சுருங்கியது.

கடைசி வெள்ளைத்துரை விட்டுப்போன மண்ணெண்ணெய் ஐஸ் பெட்டி மருந்துச்சாலையில் இருக்கிறது. உள்ளே ஒரே தட்டு. அதில், புண் வழியாக வந்து தாடையைக் கட்டிப்போடும் ஏற்புநோய்க்கான தடுப்பு மருந்துக் குப்பிகள் இருந்தன. அவற்றை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, பாசி பரப்பிய கண்ணாடிப் போத்தலுக்குள் செடியை வைத்தேன். காலையில் கொஞ்சம் ஜன்னல் வெளிச்சம், வெயில் ஏறுமுன் மறுபடி உள்ளே. காற்று ஓய்ந்ததும் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் மொட்டு விட்டது. இனி வெக்கை பட்டால் உதிர்ந்துவிடும்.

அந்த வாரம்தான் பொன்னையா வந்தான். தண்ணீர் ஓடும் கான் வெட்டும்போது மண்வெட்டி காலில் இறங்கியிருந்தது. பெண்சாதி மாரியாயி கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். காயத்தின் மேல் சாணி அப்பியிருந்தது.

"ரத்தம் நிக்கலைங்க ஐயா. நாந்தாங்க சாணி வச்சேன்" என்றாள்.

கழுவிக் கட்டினேன். அலமாரியிலிருந்து குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மருந்து கலங்கியிருந்தது. கெட்டுப்போன மருந்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். லொறியில் ஏற்றிப் பதுளைக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பினால், தோட்டத்தில் ஏன் ஊசி போடவில்லை என்று கேட்பார்கள். கேட்டால் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். மொட்டு விரிய இன்னும் ஒன்றிரண்டு நாள்தான் இருந்தது. கலங்கியதையே போட்டு அனுப்பினேன்.

"இனி பயமில்லைங்களே?" என்று பொன்னையா கேட்டான்.

"பயமில்லை. வேலைக்குப் போகாதே" என்றேன்.

மொட்டு விரிந்தது. நான் நினைத்ததைவிட அழகு.

அடுத்த வாரம் பொன்னையாவின் தாடை கட்டிக்கொண்டது. உடம்பு வில்லாக வளைந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. அப்போது லொறிக்குச் சொல்லி அனுப்பினேன். பதுளை போகும் வழியில் பசறை தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

மாரியாயி மருந்துச்சாலை வாசலில் வந்து நின்றாள். "ஊசி போட்டும் ஏங்கய்யா இப்படி ஆச்சு?"

"நீ வச்ச சாணிதான். அதிலேதான் விஷம்" என்றேன்.

அது பொய்யில்லை. சாணியில் அந்தக் கிருமி உண்டு. அதற்காகத்தான் அந்த மருந்தும் உண்டு. பிறகும் காயத்தோடு வந்தவர்களுக்கு அதே குப்பிகளிலிருந்துதான் ஊசி போட்டேன். எல்லாரும் பிழைத்திருக்கிறார்கள். அவர்களில் யாரும் சாணி வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

புருஷனைத் தின்றவள் என்று லயத்தில் அவளுக்குப் பெயர். அவள் கையால் மாமியார் தண்ணீர்கூட வாங்குவதில்லை. அவளும் எதிர்த்துப் பேசுவதில்லை. தான் கொடுத்த விஷத்தை எடுக்க ஐயா ஊசி போட்டுப் பார்த்தார் என்ற நன்றி மட்டும் அவளுக்கு உண்டு. விறகு பொறுக்கும்போது பாசிச் சுள்ளியில் சின்ன ஓர்கிட் ஏதும் கண்டால் முந்தானையில் பொத்திக்கொண்டு வருவாள். "ஐயாவுக்குப் புடிக்குமேன்னு கொண்டாந்தேங்க" என்பாள். ஜன்னலில் வரிசையாகத் தொங்குகிறதே, அத்தனையும் அவள் கொண்டுவந்தவை.

நான் ஒருநாளும் வேண்டாமென்று சொன்னதில்லை. வாசலில் நிறுத்தி, நல்லபடியாக இரண்டு வார்த்தை பேசித்தான் அனுப்புகிறேன். மாமியார்கூட அவளை மன்னிக்கவில்லை. நான் மன்னித்துவிட்டேன்.