யோசித்தாளாம்

காதல் கதைகளை நான் பாதியிலேயே மூடிவிடுவேன், இன்ஸ்பெக்டர் மேடம். பழைய கதை என்றால் இளவரசன் வருவான். புதுக்கதை என்றால் கூட வேலை பார்ப்பவன். அவன் வந்ததும் அவள் தன் சாமியை இறக்கி வைத்துவிட்டு அவன் சாமியைக் கும்பிடுவாள். ஏன் என்று அவளை ஒருத்தரும் கேட்பதில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் தூக்கிக்கொண்டு போவார்கள். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

அக்கா மதம் மாறி ஒருவனோடு போய்விட்டாள் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டபோதும் அப்படித்தான் நினைத்தேன். பாவம், ஏமாந்துவிட்டாள். எட்டாம் வகுப்போடு தையல் மெஷினில் உட்கார்ந்தவள். அவள் உட்கார்ந்ததால்தான் நான் மருந்தியல் படித்து ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நிற்கிறேன். மறக்கவில்லை.

அவளை மயக்கிக் கூட்டிப்போய்விட்டான், மீட்டுத் தாருங்கள் என்று அப்பா வழக்குப் போட்டார். நீதிபதி விசாரிக்கும்வரை அவளைக் காப்பகத்தில் வைத்தார்கள். அவன் என்ன சொல்லி மயக்கினான் என்று போய்க் கேட்டேன். சிரித்தாள்.

"அவரு எங்கடி மயக்கினாரு? நான் மாறி ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் அவரையே பார்த்தேன். மெஷின்ல கை காலுக்குத்தான் வேலை, மூளை சும்மாதான இருக்கு. யோசிச்சேன். நீ படிச்சவ, உனக்காவது புரியும்னு நெனச்சேன்."

காதலுக்காக மாறியிருந்தால் மன்னித்திருப்பேன். யோசித்தாளாம். அந்த வீட்டில் பட்டம் வாங்கியவள் நான். எனக்கே தோன்றாதது இவளுக்கு எப்படித் தோன்றும்?

விசாரணையன்று காலையில் காப்பகத்துக்கு டீ கொண்டுபோனேன். தூக்க மாத்திரையைப் பொடித்துக் கலந்திருந்தேன். அளவு எனக்குத் தெரியும். உயிருக்கு ஒன்றும் ஆகாது.

"கசக்குதுடி. இன்னும் ஒரு டீ போடத் தெரியல உனக்கு" என்று கேலி செய்துவிட்டு, மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

சொந்த விருப்பத்தில்தான் போனாயா என்று நீதிபதி கேட்டார். அவளுக்கு நாக்குப் புரளவில்லை. தலை தொங்கிவிட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், மருந்து இருந்தது. அவன்தான் கொடுத்துப் பழக்கியிருக்கிறான் என்று எங்கள் வக்கீல் சொன்னார். அவனை உள்ளே வைத்தார்கள், அக்காவை எங்களோடு அனுப்பினார்கள்.

அவன் காப்பகப் பக்கமே வரவில்லையே என்று உங்களுக்கு இப்போதுதான் இடிக்கிறது. சரியாகத்தான் இடிக்கிறது. அவன் எதையும் கலக்கவில்லை. நான்தான் கலந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நிறுத்தினால் மறுபடி யோசிக்க ஆரம்பித்துவிடுகிறாள்.

அவளை இங்கே கூப்பிட்டு அலைக்கழிக்காதீர்கள், மேடம். இத்தனை காலம் அவளை யாராவது பேச விட்டார்களா? அவள் மனசில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.