நாகர்கோவிலிலிருந்து வந்த ரெஜிஸ்டர்

"ஹலோ… ஹலோ… போஸ்டாபீஸல்லே? … ஆ, அதே அதே, சாலையில நிந்நாணு… ஒரு ரெஜிஸ்டர்ட விஷயம் அறியான்… எந்தா? … ஓ, நீங்க தமிழா? அப்பம் தமிழ்லயே பேசலாமே அம்மா, எதுக்கு ரெண்டு பேரும் மலையாளத்துல கெடந்து நாக்க வளைக்கணும்… ஆமா, ஆமா… ஒரு நிமிஷம், வச்சிராதீங்க…"

தாணுமாலையன் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கடைக்கு வெளியே கழுத்தை நீட்டிப் பார்த்தார். தபால்காரர் ஞானையனின் சைக்கிள் தெருவின் இரு முனையிலும் தென்படவில்லை. நிம்மதியாகப் பேச்சைத் தொடர்ந்தார்.

"…ஆமா, சொல்லுங்க. எங்க கடைக்கு ஒரு ரெஜிஸ்டர் வந்து, ஆளில்லாம திரும்பிருக்கு. போஸ்ட்மேன் சீட்டு எழுதி வச்சிட்டுப் போனாரு… இன்டிமேஷன், ஆமா, அதுதான்… கடையா? தாணுமாலையன் ஹார்டுவேர்… நானா? நான் இங்க மேனேஜர். பேரா? பேரு… இசக்கிப்பாண்டி… முதலாளி ஊருல இல்ல. காசிக்குப் போயிருக்காரு… ஆமா, மகளுக்குக் கல்யாணம்தான். வாற திங்கக்கெழமை… அதெப்படி உங்களுக்குத் தெரியும்? … ஞானையன் சொன்னாரா? ஆமா, அவருக்கும் கடுதாசி குடுத்திருக்கேனே… குடுத்திருக்காரு! முதலாளி குடுத்திருக்காருன்னு சொல்லவந்தேன்…"

அந்த மலையாள ஊரில், சாலை என்ற கடைத்தெருவில் ஆணி, கீல், தாழ்ப்பாள், இரும்பு வாளி எல்லாவற்றையும் விற்று நல்ல பேர் எடுத்தவர் அவர். பொய் சொல்லிப் பழக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. தொலைபேசியில் சொல்லித்தான் பழக்கமில்லை.

இத்தனைக்கும் காரணம் நாகர்கோவிலில் இருக்கும் ஒரு குளிமுறி. அங்கே வடசேரியில் அண்ணன் சிவதாணுவுக்கும் இவருக்கும் பாகம் பிரித்துக் கொடுத்த பூர்வீக வீடுகள் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் பொதுவாக ஒரு முடுக்கு, ஒரு ஆள் நடக்கிற அளவுக்குச் சந்து. அந்த முடுக்கை அடைத்து அண்ணன் தான் குளிக்க ஒரு குளிமுறி கட்டிவிட்டார். வக்கீல் நோட்டீஸ் விடுவேன் என்றார் தம்பி. நீ விடுவதற்கு முன்னால் உனக்கு என் நோட்டீஸ் வரும் என்றார் அண்ணன். அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் நோட்டீஸ் மட்டும் இருவர் பக்கத்திலிருந்தும் வரவில்லை.

போன வாரம் ஞானையன் ரெஜிஸ்டர் தபாலோடு வந்தபோது, வந்துவிட்டது என்று தாணுமாலையன் முடிவு கட்டினார். ஒரே தாவில் வாளி அடுக்குக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டார். ஞானையன் விட்டுப்போன சீட்டின் கிறுக்கலில் அவருக்குப் புரிந்தது 'ரெஜிஸ்டர்', 'நாகர்கோவில்' என்ற இரண்டு வார்த்தைகள்தான். வேறென்ன வேண்டும்? கையொப்பம் போட்டு வாங்காத நோட்டீஸ் நோட்டீஸே ஆகாது என்பது அவருடைய சட்டஞானம். ஏழு நாள் தபாலாபீஸில் கிடந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். அந்த ஏழாம் நாள் இன்றுதான். அது ஒழுங்காகத் திரும்பிப் போகிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளத்தான் இந்த போன்.

"…இல்ல அம்மா, வாங்குகதுக்கு இல்ல. வாங்காம இருக்கதுக்குத்தான் கேக்கேன்… அதாவது, இன்னைக்குச் சாயங்காலம் அது கண்டிப்பாத் திரும்பிப் போயிருமில்லா? … சரி, சரி… அனுப்புனது எந்த வக்கீலுன்னு மட்டும் பாத்துச் சொல்லுவேளா? … போன்ல சொல்லக்கூடாதா? சட்டமா? … நேர்ல வந்து ஒப்பு போட்டா காட்டுவேளா. ஒப்பு போட்டா பெறவு எதுக்குக் காட்டணும், அதான் கையில இருக்குமே… என்ன? யாரு? … வாளிக்குப் பொறத்தாலயா? ஞானையன் பாத்தாரா? … அது நான் இல்ல. அது… அது கடையில கணக்கெழுதுகவரு. வாளி எண்ணிக்கிட்டிருந்தாரு… வழுக்கத்தலையா? அவருக்கும் வழுக்கைதான்…"

சற்று நேரம் மறுமுனையையே கேட்டுக்கொண்டிருந்தார். முகத்திலிருந்த தைரியம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"…அதெப்படி? … இல்ல, இல்ல, வாங்கல்லேன்னா வாங்கல்லதானே? … 'ரெஃப்யூஸ்டு'ன்னு எழுதி அனுப்பிருவேளா? எழுதினா? … கோர்ட்டுல அது வாங்குனதுக்குச் சமமா? என்ன அநியாயம்மா இது! நான் வாளிக்குப் பொறத்தால கால் மரத்துப்போய் குந்தியிருந்தது அப்பம் எதுக்கு? … ஆமா, நான்தான். தாணுமாலையன்தான் பேசுகேன். காசிக்கும் போகல்ல, களியக்காவிளைக்கும் போகல்ல. போதுமா? … சிரிக்காதேயும் அம்மா. ஒம்ம பேரென்ன? … ராகேலா. எந்த ஊரு? … மார்த்தாண்டமா! நம்ம பக்கம்தான். அப்பம் நீ எனக்கு மக மாதிரி. மோளே, இந்த நம்ம ஊரு வழக்கு வம்பெல்லாம் ஒனக்குத் தெரியாததில்ல. அதத் தூக்கி எங்கயாவது ஒரு மூலையில போட்டிரப்படாதா? … வேல போயிருமா. சரி, சரி, வேண்டாம். ஒன் வேல போகவேண்டாம்…"

கடைக்குள் முக்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி சரோஜம் அவரை முறைத்தாள். கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு வாங்க வந்தவள் அவள். 'பெரியப்பா இல்லாமல் செண்பகத்துக்குக் கல்யாணமா' என்று பத்து நாளாக அழுது தீர்த்துவிட்டாள். நேரில் போய் அழைத்துவிட்டு வாருங்கள் என்று காலில் விழாத குறை. முடுக்கை அடைத்தவன் வீட்டு வாசலில் நான் மிதிப்பதா என்று தாணுமாலையன் மறுத்துவிட்டார். கடைசியில் ஒரு சமரசம் செய்துகொண்டார்: கல்யாணக் கடுதாசியைத் தபாலில், அதுவும் ரெஜிஸ்டரில், அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு ஒட்டி அனுப்பினார். நாளைக்கு எவனும் 'தம்பி அழைக்கவில்லை' என்று சொல்லிவிடக்கூடாது. அண்ணனின் கையெழுத்து சாட்சியாகக் கையில் இருக்க வேண்டும். அந்தக் கார்டு இதுவரை வரவில்லை. அது ஞாபகம் வந்ததும் அவருடைய குரல் மறுபடியும் நிமிர்ந்தது.

"ஹலோ… வைக்காத மோளே, இன்னொண்ணு. இது ஒங்க டிப்பார்ட்மென்டு மேல உள்ள பராதி… ஆமா, பராதிதான். நான் ஒரு ரெஜிஸ்டர் அனுப்பினேன், நாகர்கோவிலுக்கு. அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு ஒட்டித்தான். இன்னும் திரும்பி வரல்ல… எப்பமா? அது ஆச்சு, ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு… யாருக்கா? எங்கண்ணனுக்கு. சிவதாணு, வடசேரி… அந்த ஆளு ஒப்பு போட்டு வாங்கணுமா வேண்டாமா? போஸ்ட்மேன் வந்தா நேர நின்னு வாங்கணும். ஒளிஞ்சிக்கிட்டு நின்னா என்ன மரியாத? … என்ன? நான் எங்க ஒளிஞ்சேன்? அது வேற, இது வேற மோளே. எனக்கு வாறது நோட்டீசு. நான் அனுப்புனது மங்கள காரியம்… ஆமா… ஆமா… ரசீது இருக்கு. மேசையிலதான் இருக்கு. எடுக்கேன், இரு…"

இழுப்பறையை இழுத்துச் சாவிக்கொத்து, வெற்றிலைச் செல்லம், கல்யாணக் கடுதாசிக் கட்டு எல்லாவற்றையும் கலைத்து ரசீதைத் தேடியெடுத்தார். மூக்குக்கண்ணாடியைக் கண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு வாசித்தார்.

"…கெடச்சிருச்சு. நம்பரு, நானூத்திப் பதினேழு… ஆமா, நாலு ஒண்ணு ஏழு. நல்லாத் தேடிப் பாரு. எந்தப் போஸ்ட்மேன் எந்த மூலையில போட்டானோ… ஹலோ? … ஹலோ? … என்ன, லைன் போச்சா? … இருக்கியா. பேச்சக் காணல்லியேன்னு பாத்தேன்… சொல்லு… என்ன நம்பர்? … அதத்தான நானும் சொன்னேன், நானூத்திப் பதினேழு… எது? … ஒன் கையில இருக்கதா? … எனக்கு வந்த கவர்லயா? …"

முக்காலியிலிருந்த சரோஜம் எழுந்து அருகில் வந்தாள். தாணுமாலையன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"…அப்பிடி இருக்காதே மோளே. சரியாப் பாரு… அனுப்புனவன் யாருன்னு போட்டிருக்கு? … இப்பம் சொல்லலாமா? சரி, சொல்லு… தாணுமாலையன் ஹார்டுவேர். சாலை… ஊதா மையில சீலா? … ஆமா, எங்க கடை சீலுதான். நான்தான் குத்தினேன், எடது பக்கம், ஒரு ஓரமா… கோணலாவா இருக்கு? கோணலாத்தான் குத்தினேன்…"

வாசலில் ஒருவர் வந்து ரெண்டரை இஞ்சு ஆணி கேட்டார். தாணுமாலையன் அவரைப் பார்த்தார். கேட்டது காதில் விழவில்லை. அவர் நின்று பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்.

"…அப்பம் இந்த ஒரு வாரமா நான் ஒளிஞ்சது எனக்கே நான் அனுப்புன… இல்ல, நான் அண்ணனுக்கு அனுப்புன… ஆமா, ஆமா, மனசிலாச்சு, திரும்பத் திரும்பச் சொல்லாத… அது எப்படித் திரும்பி வந்துது? மேல என்ன எழுதியிருக்கு? … 'ரெஃப்யூஸ்டு'. … வாங்க மறுத்துட்டாரு."

அடுத்த விநாடி சத்தம் பஜாரையே தூக்கியது.

"பாத்தியா அந்த மனுசன் செஞ்ச வேலைய! எம்மக கல்யாணக் கடுதாசிய மறுத்திருக்காரு! கையால தூக்கி வளத்த பிள்ள அது. ஒரு முடுக்குக்காக! ஒரு குளிமுறிக்காக! … நீ சும்மா இரு மோளே, ஒனக்குத் தெரியாது எங்கண்ணனப் பத்தி. கல்நெஞ்சுக்காரன். இனி அந்த வாசப்படிய நான் செத்தாலும்… என்ன? … என்ன கேக்க? … கவருக்கு வெளியவா? … வெளிய ஒண்ணும் எழுதல்ல. அட்ரஸ் மட்டும்தான்… இல்ல, கல்யாணக் கவரு இல்ல. மஞ்சள் தடவல்ல… காக்கிக் கவரு. நீட்டுக் கவரு. கடையில கோட்டேஷன் அனுப்புகது… எதுக்குன்னா… அது ஒரு கனமா இருக்கட்டும்ன்னுதான்…"

சொல்லிக்கொண்டே வந்தவரின் குரல் அங்கேயே நின்றது. நீண்ட காக்கிக் கவர், கோணல் சீல், பின்னால் ஒட்டிய கார்டு, கையெழுத்துக் கேட்கும் தபால்காரர். நோட்டீஸ் விடுவேன் என்று கத்திவிட்டுப் போன தம்பியிடமிருந்து அப்படி ஒன்று வந்தால் அண்ணன் என்ன நினைத்திருப்பார் என்பதை வேறு யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வாரமாக அவரே அதைத்தானே நினைத்துக்கொண்டிருந்தார்.

"…ஆமா மோளே… ஆமா… நோட்டீசுன்னுதான் நெனச்சிருப்பாரு. வேறென்ன நெனப்பாரு… அவருக்கும் இந்தச் சட்டம்தானே தெரியும், வாங்கல்லேன்னா கேசு நிக்காதுன்னு. எங்க அப்பா ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லிக்குடுத்தது அது… சரி, இப்பம் என்ன செய்யதுக்கு? வாற திங்கக்கெழம கல்யாணம். மறுபடி ரெஜிஸ்டரா? கும்பிட்டேன், வேண்டாம்… தந்தியா? நீ நல்ல ஆளு. தந்திக்காரனப் பாத்தாலே எங்க மதினி தெருவுல விழுந்து அழ ஆரம்பிச்சிருவா. பெறவு கடுதாசியில என்ன எழுதியிருந்தாலும் ஒருத்தனும் படிக்க மாட்டான்… ட்ரங்க் காலா? அண்ணனுக்கு அடுத்த வீட்டு டாக்டர்கிட்ட போன் உண்டு. கூப்பிட்டாலும் எங்கண்ணன் வரமாட்டாரு. போன்ல ஹலோன்னு சொன்னாலே ஒத்துக்கிட்டதா ஆயிரும்பாரு… சிரி, சிரி, நல்லாச் சிரி. மார்த்தாண்டத்துக்குப் போய் எல்லாருகிட்டயும் சொல்லு…"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரோஜம் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு கணவரின் ஜிப்பாவை ஆணியிலிருந்து எடுத்து அவருடைய தோளில் போட்டாள். வெற்றிலையும் பாக்கும் வாங்க எதிர்க் கடைக்குக் கிளம்பிப் போனாள்.

"…இல்ல மோளே, நேர்லதான் போகணும். எங்க வீட்டுக்காரி சட்டையையே எடுத்துத் தந்தாச்சு. தம்பானூர்ல போய் ட்ரான்ஸ்போர்ட் பஸ் புடிச்சா வெளக்கு வைக்க முன்ன போயிருவேன்… அந்தக் கவரா? நான் போற வழியில வந்து ஒப்பு போட்டு வாங்கிக்கிடுகேன்… கண்டிப்பா எம்பேருலதான் போடுவேன். இசக்கிப்பாண்டின்னு போடல்ல… ஞானையன்கிட்ட சொல்லு, வாளிக்குப் பொறத்தால நான் இனி போகமாட்டேன்னு. கல்யாணத்துக்கு அவரு குடும்பத்தோட வரணும். நீயும் வரணும். ஒனக்குத் தபால்ல அனுப்பல்ல, கையிலயே கொண்டாந்து தாறேன்…"

ஜிப்பாவில் ஒரு கையை நுழைத்துக்கொண்டு, அந்தக் கைக்கு ரிசீவரை மாற்றினார். அப்போதுதான் மறுமுனையிலிருந்து வந்த ஒரு கேள்வி அவரை அப்படியே நிறுத்தியது.

"…என்னது? … என்னக் கண்டதும் அவரும் எங்கயாவது போய் ஒளிஞ்சிக்கிட்டாருன்னாவா? …"

தெருமுனையில் தன் தலையைக் கண்டதும் அண்ணன் செருப்பைக்கூட மாட்டாமல் உள்ளே ஓடுவது தாணுமாலையனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"…ஒளிவாரு. நிச்சயமா ஒளிவாரு… பரவால்ல மோளே. எங்க ஒளிவாருன்னு எனக்குத் தெரியும். உள்முறியில நெல்லுப் பத்தாயத்துக்குப் பொறத்தால. சின்னதுல கணக்கு வாத்தியாரு வீட்டுக்கு வந்தப்பல்லாம் ரெண்டு பேரும் அங்கதான நிப்போம்… நேர அங்க போயிருகேன். அவரு பக்கத்துல நின்னு கடுதாசியக் கையில குடுத்திருகேன்… எடமா? எடமெல்லாம் இருக்கும். கொஞ்சம் ஒதுங்கி நின்னா ரெண்டு பேரு தாராளமா நிக்கலாம்… சரி. வைக்கேன்."