கடை வேறு, முதலாளி வேறு என்று பாடம் நடத்தியது குறித்து

பெயரையும் முகவரியையும் காவல் நிலைய வாசலில் ஒருமுறை, உள்ளே ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் முறை சொல்வதாக இல்லை. வயது நாற்பத்தெட்டு. மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் ஆசிரியை. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் என்னைப் 'பற்றுவரவு' என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். இதையும் எழுதிக்கொள்ளும்படி எழுத்தரிடம் சொன்னேன். ஒளிக்க என்ன இருக்கிறது?

மின்சாதனக் கடை முதலாளி ஒருவர், நான் அவர் மகளைத் தூண்டிவிட்டு, அவரை அவருடைய கடைக்குள்ளேயே வைத்துப் பூட்டச் செய்தேன் என்று புகார் கொடுத்திருக்கிறார். அவர் மகள் என் மாணவி. வகுப்பில் அவளுக்கு 'ரூல்ஸ்' என்று பட்டப்பெயர். இருப்பாய்வில் பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் முதல் தடவையிலேயே சமன் ஆவது அந்த வகுப்பில் அவள் ஒருத்திக்குத்தான். அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதும் உண்மை. இந்த வருடம் பொதுத்தேர்வு எழுத வேண்டியவள்.

சென்ற வாரம் நான் நடத்திய பாடம் இது. கணக்கைப் பொறுத்தவரை கடை ஓர் ஆள், முதலாளி இன்னோர் ஆள். முதலாளி போட்ட பணம் கடைக்கு வந்த முதல். முதலாளி தன் வீட்டுக்கு ஒரு பல்பை எடுத்துப் போனாலும் அது எடுப்பு. எடுப்புக் கணக்கில் பற்று வைத்து, கொள்முதல் கணக்கில் வரவு வைக்க வேண்டும். எழுத்தர் இந்த இடத்தில் நிறுத்தி, "சொந்தக் கடையில எடுத்தா எதுக்கும்மா எழுதணும்?" என்று கேட்டார். எழுதாவிட்டால் சரக்கு எங்கே போனது என்றும் தெரியாது, கடை லாபத்தில் ஓடுகிறதா என்றும் தெரியாது என்று மூன்று முறை சொன்னேன். தொண்டைத் தண்ணீர் வற்றியது. திருட்டு என்ற சொல்லை வகுப்பில் நான் உபயோகிக்கவே இல்லை. எடுப்பு என்றுதான் சொன்னேன். திருட்டுக்கும் எடுப்புக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அதன் பிறகு அந்த மாணவி என் மேசைக்கு வந்து, "டீச்சர், எங்கப்பா எடுக்குறார், ஆனா எழுத விட மாட்டேங்கிறாரே, என்ன பண்றது?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது, அடுத்த வகுப்புக்கு ஓட வேண்டும். "அது உன் சாமர்த்தியம்" என்றேன். நான் செய்த தூண்டுதல் இவ்வளவுதான்.

இன்று விடுமுறை. மதியம் கடையில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. மாணவி சொன்னதையும் அவள் தகப்பனார் கத்தியதையும் சேர்த்துச் சொல்கிறேன். தாயார் சமைக்க வீட்டுக்குப் போயிருந்ததால் மாணவி கல்லாவில் இருந்தாள். தகப்பனார் வந்து ஒரு டேபிள் ஃபேனை வீட்டுக்கு என்று தூக்கினார். அவள் ஒரு சீட்டை நீட்டி, எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். "என் கடை, என் ஃபேன், நான் யாருக்குடி கையெழுத்துப் போடணும்?" என்று அவர் கேட்க, "கடைக்கு" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதன் பிறகு அவர் பின்வாசல் பக்கம் போக, அது பூட்டியிருக்க, இவள் முன்பக்கம் வெளியே வந்து ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டாள். அவர் உள்ளேயிருந்து ஷட்டரைத் தட்ட, எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் திருடன் மாட்டிக்கொண்டான் என்று நினைத்துக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிட்டார்கள். காவலர்கள் வந்து திறந்தபோது முதலாளி ஃபேனும் கையுமாக நின்றாராம். மின்சாரம் இல்லாத நேரம் என்பதால், கடை நிறைய ஃபேன் இருந்தும் சட்டை முழுக்க வியர்வை.

அதன் பிறகு என்னை வரச் சொன்னார்கள். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதற்குக் காய வேண்டும் என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நான் நுழைந்ததுமே முதலாளி எழுந்து, "வாங்க, பெத்த அப்பனைப் பூட்டி வைக்கச் சொல்லிக் குடுக்கிறதுக்குத்தான் சம்பளம் வாங்குறீங்களா?" என்றார். "கணக்கு எழுதச் சொல்லிக் கொடுக்க வாங்குறேன். பூட்டுறதுக்குத் தனியா யாரும் தர்றதில்ல" என்றேன். ஆய்வாளர் இருவரையும் உட்காரச் சொன்னார். மாணவியைப் பார்த்து, செய்தது தப்பு என்று நானும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் சீட்டை மட்டும் கையிலிருந்து விடவில்லை.

அதன் பிறகு முதலாளி, நாளையிலிருந்து இவள் பள்ளிக்கூடம் போக வேண்டாம், தேர்வுக் கட்டணமும் கட்ட மாட்டேன் என்று சொன்னார். நாளைதான் கட்டணம் செலுத்தக் கடைசி நாள். மாணவி சட்டென்று என்னைத்தான் பார்த்தாள். ஒரு கையெழுத்துக்காகப் பிள்ளையின் படிப்பில் கை வைக்கும் மனிதரிடம் என்ன சொல்லி என்ன, செவிடன் காதில் ஊதிய சங்கு. ஆய்வாளர் சொல்லியும் அவர் கேட்கவில்லை. "கடை வேற நான் வேறன்னா, காலைலேருந்து ராத்திரி வரைக்கும் நான் அலையிறேனே, எனக்கு யாரு சம்பளம் தர்றா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "லாபம் முழுக்க உங்களுக்குத்தானே சார்" என்றேன்.

அப்போது மாணவியின் தாயார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே ஓடி வந்தவர். அவர் என்னிடம், "டீச்சர், லாபம் அவருக்கு. சரி. பதினாலு வருஷமா கல்லாவுல உக்கார்றேனே, என்னை அந்தக் கணக்குல எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. எங்கும் எழுதவில்லை என்றேன்.

அதன் பிறகு அவர் கணவரிடம், "அப்ப இந்த மாசத்துலேருந்து சம்பளம்னு எழுதுங்க. முதல் சம்பளத்தை இப்பவே எடுங்க. இவ பரீட்சைக்கு நான் கட்டுறேன். முடியாதுன்னா நாளைக்குக் காலைல ஷட்டரை நீங்களே தூக்குங்க, கல்லாவுல நீங்களே உக்காருங்க, வர்ற ஆளுக்கு எந்த ஒயர் எந்த ரேக்குல இருக்குன்னு நீங்களே தேடிக் குடுங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. முதலாளி ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் ஜன்னல் பக்கம் பார்த்தார். புகார் என்ன ஆவது என்று எழுத்தர் கேட்டதற்கு, முதலாளி வேண்டாம் என்பதுபோல் கையை ஆட்டிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தார்.

உடனே மாணவி, "அப்பா, இது உங்க பணமா, கடைப் பணமா? எப்படி எழுத..." என்று ஆரம்பித்தாள். "சும்மா இரு தாயே" என்று அவளை அதட்டினேன். சரியான கேள்வி கேட்ட என் வகுப்புப் பிள்ளையை நான் அடக்கியது இதுவே முதல் தடவை.

அதன் பிறகு தாயார் பணத்தை வாங்கி என் கையில் கொடுத்து, "ரசீது வேணும் டீச்சர். என் பேர்ல" என்றார். பள்ளி ரசீதுப் புத்தகம் என்னிடம் இல்லாததால் வெள்ளைத் தாளில் எழுதினேன். பெயர் எழுத வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. இரண்டு வருடமாக என்னிடம் படிக்கும் பிள்ளையின் தாய். எனக்குப் பெயர் தெரியவில்லை. அந்தக் கடையில் ஒயர் வாங்கும் ஆய்வாளருக்கும் தெரியவில்லை. அவரையே கேட்டேன். சொன்னார். எழுதிக் கொடுத்தேன். வாங்கி இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்டார்.

நான் சொன்னதை எழுத்தர் படித்துக் காட்டக் கேட்டேன். எழுத்துப்பிழைகளை நானே திருத்தினேன். பார்த்ததைப் பார்த்தபடியும் கேட்டதைக் கேட்டபடியும் சொல்லியிருக்கிறேன். இதில் கூட்டியதும் இல்லை, கழித்ததும் இல்லை.

(ஒப்பம்)
கணக்குப்பதிவியல் ஆசிரியை