வெளித்தாழ்ப்பாள்

உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குப் போகும் டவுன் பஸ். செக்கானூரணி தாண்டியதும், எனக்கு முன் சீட்டில் ஜன்னலோரம் இருந்த பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"காலைல திருப்புளியை எடுத்து, வீட்டுல இருந்த வெளித்தாழ்ப்பாளை எல்லாம் கழட்டிட்டேன் மாப்ள."

"ஏன் மாமா, துருப்பிடிச்சிருச்சா?"

"பாப்பாவக் கூப்பிடத்தான போறோம். கடை வேலைன்னு கூட்டிட்டுப் போயி எம்புள்ளைய வித்தாளே ஒருத்தி, வித்த எடத்துல ரூம்புல அடைச்சு வெளிய தாழ்ப்பாப் போட்டுருவாய்ங்களாம்."

மாப்பிள்ளை அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"போலீசு மீட்டு, காப்பகத்துல விட்டு ஆறு மாசமாச்சு. போன வாரம் பாக்கப் போனப்ப, காத்துல கதவு சாத்திருச்சு. புள்ள ஓடிப்போயித் தெறந்து, வெளிப்பக்கம் தாழ்ப்பா இருக்கான்னு தடவிப் பாத்துட்டுத்தான் வந்து உக்காந்துச்சு. பதினாறு வயசு மாப்ள. அன்னைக்கு அந்தப் பொம்பளகூட நாந்தேன் பஸ் ஏத்திவிட்டேன்."

"அவ நம்ம எல்லாரையுந்தான் ஏமாத்துனா மாமா."

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி மாமா, எல்லாரும் வெளிய போனா வீட்டை எப்புடிப் பூட்டுவீங்க?"

"பூட்டாமத்தான் போகணும். அப்பிடி என்னத்தை வச்சிருக்கோம்?"

நாகமலை வந்தது. மாப்பிள்ளை சொன்னார்:

"மாமா, அந்தத் திருப்புளியைச் சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்."

"ஒனக்கு எதுக்கு?"

"எங்க வீட்டுக்கும் பாப்பா வரும்ல."