ஐரிஸ் அம்மையார் இன்னும் இறக்கவில்லை

மேடையின் நடுவே வீற்றிருக்கும் விழாத் தலைவர், பாரிஸ் ரூ காய் தெருக் கலை மன்றத்தின் தளராத தூண், வாமதேவன் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! கைக்குட்டையோடு வந்து, கண்ணீர் விடுவதா கைதட்டுவதா என்று கலங்கி நிற்கும் தாய்மார்களே! ஆர்ஜொந்தெய் புறநகரிலிருந்து மலர்வளையத்தோடு ரயிலேறி வந்து, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்திருக்கும் அன்பர்களே! எல்லோருக்கும் மேலாக, என் வலப்புறத்தில், சிவப்புக் கவுன் அணிந்து, கையிலே தேநீர்க் கோப்பையோடு, முழு உயிரோடு அமர்ந்திருக்கும் பிரித்தானியத் திரைத்தாரகை ஐரிஸ் பென்வுட் அம்மையார் அவர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சிரிக்காதீர்கள். இது பாராட்டு விழா. பின்வரிசைக்கும் கேட்கட்டும், இன்னொரு முறை சொல்கிறேன்: இது பாராட்டு விழா! ஒரு காலத்தில் வெள்ளித்திரையில் மின்னியவர் நம் தெருவிலே, மூன்றாம் மாடியிலே வாழ்கிறார், அவருக்குப் பொன்னாடை போர்த்துவோம் என்று மன்றம் முடிவு செய்தது. சுவரொட்டியைப் பத்திநாதர் அண்ணையிடம் ஒப்படைத்தது. நம் லா சப்பல் வட்டாரத்தில் இறந்தவர் யாராயினும் அவருக்குக் கண்ணீர் அஞ்சலி அச்சிடுபவர் பத்திநாதர் அண்ணை. அவருடைய கை பழகிய வழியிலேயே போயிற்று. நடுவிலே அம்மையாரின் கறுப்பு வெள்ளைப் படம். படத்துக்கு மாலை. இருபுறமும் குத்துவிளக்கு. இடப்பக்கம் பிறந்த ஆண்டு. வலப்பக்கம், விழா நடக்கும் இன்றைய திகதி! தமிழராய்ப் பிறந்தவர் அதை வேறு எப்படி வாசிப்பார்? இன்னும் வராத திகதியில் ஒருவர் எப்படி இறந்திருப்பார் என்று யாராவது கேட்டோமா? இறுதிக்கிரியை நடக்கும் நாளாக்கும் என்று நாமே முடிவுகட்டிக்கொண்டோம்.

"ஏன் அண்ணை இப்பிடிச் செய்தனீங்கள்?" என்று ஓடிப்போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "அவ உயிரோடை இருக்கிறா எண்டு போடச் சொல்லி நீங்கள் ஒருத்தரும் சொல்லேல்லையே தம்பி!"

அதன் பிறகு நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். வெள்ளைச் சேலைகள் நிறைந்த மண்டபத்துக்குள் சிவப்புக் கவுன் நடந்து வந்தது. சபை எழுந்தது. தமிழகத்திலிருந்து வந்து இங்கே கணினித் துறையில் பணிபுரியும் நல்லசிவம் ஐயா என் காதருகே குனிந்தார். "சார், அச்சு அசல் அந்த போட்டோல இருக்கறவங்க மாதிரியே இருக்காங்களே. கூடப்பிறந்த தங்கச்சிங்களா?" என்றார்.

நல்லது. ஒரு விதத்தில் பத்திநாதர் அண்ணைக்கு நான் கடமைப்பட்டவன். எனக்குக் கைவந்தது இரங்கலுரை. ஒருவர் இருக்கும்போதே அவரைப் புகழ்ந்து எனக்குப் பழக்கமில்லை. நம்மில் யாருக்குத்தான் பழக்கம்?

அன்பர்களே! யார் இந்த ஐரிஸ் அம்மையார்? இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலே, மீன் வாடை மாறாத ஒரு சின்னத் துறைமுகத்திலே, வலை பின்னி மீன் பிடிக்கிறவருக்கு மகளாய்ப் பிறந்தவர். பதினெட்டு வயதிலே படப்பிடிப்பு நிலையத்தார் அழைத்துப் போனார்கள். அழகைப் பார்த்து அழைத்தார்கள், பேச்சைக் கேட்டு அதிர்ந்தார்கள். "இந்தப் பேச்சு ஆகாது" என்றார்கள். வாத்தியார் வைத்தார்கள். பிரபுவின் மகள் பேசுவதுபோலப் பேசப் பழக்கினார்கள். ஊர்ப்பேச்சை உதறினார், உச்சரிப்பை மாற்றினார், கடைசியில் பெற்ற தாய்க்கே மகள் பேசுவது பாதி விளங்கவில்லை. சரி, அதன் பயன் என்ன? பத்தாண்டு கழித்துக் காற்று மாறியது. ஏழைகளின் கதைகளைப் படமாக்கத் தொடங்கினார்கள். மீன்காரன் மகளாய் நடிக்க ஆள் தேடினார்கள். நம் அம்மையார் போய் நின்றார். "மன்னிக்க வேண்டும், நீங்கள் பிரபு வீட்டுப் பெண்போலப் பேசுகிறீர்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள்! மீன்காரன் மகளைப் பார்த்து! நமக்கு இது புதிதா? யாழ்ப்பாணத் தமிழில் பேசினால் மேடையிலே சிரிப்பார்கள் என்று நான் இப்படிப் பேசுகிறேன். இப்படிப் பேசுவதால் வீட்டிலே சிரிக்கிறார்கள்.

என்ன தம்பி? படங்களின் பெயரா? சொன்னால் உடனே போனிலே தேடுவீர், என் பேச்சைக் கேட்கமாட்டீர். பொறும்.

அந்தப் படங்களிலே அம்மையார் செய்த வேலை என்ன தெரியுமா? இறப்பது! துறைமுகத்திலே இறந்தார். தொட்டிலருகே இறந்தார். இருமி இறந்தார், இடிந்து இறந்தார், இன்னொருவர் குண்டுக்குக் குறுக்கே பாய்ந்தும் இறந்தார். கதாநாயகனுக்கு முதல் மனைவி இவர். இவர் கண்ணை மூடினால்தான் கதாநாயகி உள்ளே வரலாம். நம் இலங்கையைப் பற்றியும் ஒரு படம் எடுத்தார்கள், இலண்டனிலே திரைச்சீலையில் மலை வரைந்து. தேயிலைத் தோட்டத் துரையின் மனைவியாக அம்மையார் அதிலே காய்ச்சலில் இறந்தார். அந்தத் தேயிலை மலையிலே வரிசையாய்ப் பனைமரம் நின்றதாம்! மலைநாட்டிலே பனை வளராது என்று நான் விளக்கிச் சொன்னபோது, "அந்த மரத்தடியில்தான் என்னைப் புதைத்தார்கள்" என்றார் அம்மையார்.

இறந்து இறந்து அலுத்துப்போய், ஒரு பிரெஞ்சுப் படத்திலே நடிக்கப் பாரிசுக்கு வந்தார். படம் பாதியில் நின்றது, அம்மையார் இங்கேயே நின்றுவிட்டார். பிரெஞ்சுப் படங்களுக்கு ஆங்கிலக் குரல் கொடுத்துப் பிழைத்தார். நாம் இந்தத் தெருவுக்கு வந்து கடை திறந்தபோது அவர் மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார். இதை மறந்துவிடாதீர்கள்: அவர் நம் தெருவுக்கு வந்தவரல்லர், நாம் அவருடைய தெருவுக்கு வந்தவர்கள். யோகராணியின் உணவகத்திலே வாரம் தவறாமல் இடியப்பமும் சொதியும் சாப்பிடுகிறார். இதோ முன்வரிசையில் இருக்கும் லக்ஷனாவுக்கும் இன்னும் பல பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். எங்கள் பிள்ளைகள் பிரபு வீட்டு ஆங்கிலம் பேசுவது அதனால்தான்.

இனி, சிரிப்பை நிறுத்துகிறேன். முன்வரிசை ஓரத்திலே, கோட்டை மடித்து மடியில் வைத்திருக்கிறாரே, அவர் கிறிஸ்தோப்பர். அம்மையாரின் தங்கை மகன், நம் முறையிலே பெறாமகன். இன்று காலை இங்கிலாந்திலிருந்து வந்தார். விழாவுக்காக வரவில்லை, அம்மையாரைக் கொண்டுபோக வந்தார். கார் வாசலிலே நிற்கிறது. அம்மையாரின் பெட்டிகள் அதற்குள்ளே இருக்கின்றன. அங்கே ஒரு முதியோர் இல்லத்திலே அறை ஒழுங்காகிவிட்டது. சென்ற பனிக்காலத்தில் அம்மையார் படிக்கட்டிலே விழுந்தார், அதிலிருந்து கிறிஸ்தோப்பருக்குப் பயம். நியாயமான பயம்தான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சற்று முன்பு அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார். "இங்கே இவருக்கென்று யாரும் இல்லை" என்றார். லக்ஷனா, மகளே, நான் பேசுவதை அவருடைய காதிலே ஆங்கிலத்தில் சொல்.

யாரும் இல்லையா? கிறிஸ்தோப்பர் அவர்களே, திரும்பிப் பாருங்கள்! சனிக்கிழமை வியாபாரத்தை விட்டு, கடையைப் பூட்டி வந்தது யார்? சமையற்கட்டிலே விடுப்புச் சொல்லி, வெள்ளை உடுத்தி வந்தது யார்? படிக்கட்டிலே விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலிலே விடியும்வரை நின்றது யார்? இவர் போய்விட்டார் என்று நம்பி, வரும் வழியெல்லாம் மெத்ரோவிலே அழுதது யார்? உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பாராட்டு விழா என்று தெளிவாய் அச்சிட்டிருந்தால் இதிலே பாதிப்பேர் வந்திருக்கமாட்டோம். சாவென்றால்தான் நாம் தவறாமல் வருவோம். ஆனாலும் வந்திருக்கிறோம்! திரையிலே இவர் இறந்தபோதெல்லாம் அடுத்த காட்சியிலே கலியாணம் நடந்தது. இவர் இறக்காதபோதும் இங்கே ஒரு மண்டபம் நிறைந்திருக்கிறது! ஆகவே கேட்கிறேன், அம்மையாரை எங்களிடம் தாருங்கள்! நாங்கள் காப்போம்! நாங்கள் பார்ப்போம்! காலையிலே ஒரு வீடு, மாலையிலே ஒரு வீடு, கண்ணின் மணிபோல...

யார் அங்கே எழும்புவது? யோகராணியா? என்ன பிள்ளை? உரக்கச் சொல்.

"அண்ணை, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. இவ்வளவும் கதைக்கிறியள், அவவை ஒருக்கால் கேட்டனீங்களோ?"

...

கேட்கவில்லை.

சபையோரே, கேட்கவில்லை. பெறாமகன் பெட்டி அடுக்கினார், கேட்கவில்லை. மன்றம் விழா எடுத்தது, கேட்கவில்லை. நானோ இவ்வளவு நேரமாய் இவரை இந்த மேடையிலே வைத்து ஏலம் கூறிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

மதாம் ஐரிஸ், மன்னியுங்கள். நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்? தலைவர் அவர்களே, ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள்.

லக்ஷனா, அம்மையார் பிரெஞ்சிலே சொன்னதைச் சபைக்குத் தமிழிலே சொல். கூச்சப்படாதே, அப்படியே சொல்.

"தன்னை ஒருத்தரும் கொண்டு போகவும் வேண்டாமாம், ஒருத்தரும் பொறுப்பெடுக்கவும் வேண்டாமாம். தான் தன்ரை வீட்டிலைதான் இருப்பாவாம். விழுந்தால் கூப்பிடுவாவாம். பாக்க ஆசைப்பட்டவை வரலாமாம், ஆனால் கதவைத் தட்டிப்போட்டு, தான் திறக்குமட்டும் நிக்கோணுமாம். கிறிஸ்தோப்பர், நீங்களும்தானாம்."

கைதட்டுங்கள்! இதற்குக் கைதட்டாவிட்டால் வேறு எதற்கு?

கிறிஸ்தோப்பர் எழுந்து வெளியே போகிறார். கோபமில்லை, நீங்களும் பார்க்கிறீர்கள், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போகிறார். காரிலிருந்து பெட்டிகளை இறக்கப் போகிறார் என்று லக்ஷனா சொல்கிறாள். மூன்று மாடி, மின்தூக்கி கிடையாது. வாலிபர்களே, எழுந்து போய்க் கை கொடுங்கள்.

நான் தயாரித்து வந்த முடிவுரையை மடித்து வைத்துக்கொள்கிறேன். இதற்கு மேல் நான் பேசினால் அது அழகல்ல. பொறுமையோடு கேட்ட தாய்மாருக்கும், தலைவருக்கும், பிழையாக அச்சிட்டு இத்தனை பேரைத் திரட்டிய பத்திநாதர் அண்ணைக்கும் நன்றி. அம்மையாரே, உங்களைப் புகழ வந்த நான், உங்களிடம் அனுமதி கேட்டு விடைபெறுகிறேன். எல்லோருக்கும் வணக்கம்.